எம்.எஸ். ஆர்த்தோ முதல் வருடம்: அரசு ஆஸ்பத்திரியில் எப்படிக் கற்றுக்கொள்வது

ராத்திரி 3 மணிக்கு வார்டு சிஸ்டர் போன் செய்தார். "டாக்டர், அந்த முழங்கைப் பையனோட அழுகை மாறியிருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க." 6 வயதுப் பையன், கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பை முறித்துக்கொண்டு வந்தவன். சாயங்காலம் நான்தான் ஸ்லாப் (ஒரு பக்கம் மட்டும் வைத்துச் சுற்றும் அரை மாவுக்கட்டு) போட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பு நேராகத் தெரிய வேண்டும் என்று முழங்கையை நன்றாக மடக்கிக் கட்டியிருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால் விரல்கள் வெளுத்துச் சில்லென்று இருக்கின்றன, ஒரு விரலை நீட்டிவிட்டால் வீல் என்று அலறுகிறான். கட்டை உள்பஞ்சு வரைக்கும் வெட்டிப் பிரித்து மடக்கைத் தளர்த்தியதும் கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டில் நாடி திரும்பியது. சீனியர் வந்து அன்று காலையிலேயே ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டர்) எலும்பைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய கம்பியான கே-ஒயர் போட்டார். அந்தக் கையைக் காப்பாற்றியது நான் இல்லை, அழுகையில் இருந்த வித்தியாசத்தைக் காதில் வாங்கிய அந்த சிஸ்டர்தான்.

இந்த வருடம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஆர்த்தோ, அதாவது எலும்பு அறுவை சிகிச்சை முதுநிலைப் படிப்பில் சேருகிறவர்கள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நாம் எல்லாரும் பிளேட்டும் ராடும் போடக் கற்கவே வருகிறோம், அது 3 வருடத்தில் எப்படியும் வந்துவிடும். முதல் வருடத்தில் பழக வேண்டியது, செய்து முடித்த வேலையைத் திரும்பப் போய்ப் பார்ப்பது. கீழே எழுதியிருப்பதெல்லாம் ஏறக்குறைய அதைச் சுற்றித்தான் வரும்.

சேர்ந்த வாரம்

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதி மாநில இடங்களில் பாதி, ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. இப்படி ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்புச் சொன்னது. அதனால் உங்கள் பேட்சில் ஹவுஸ் சர்ஜன் முடித்த கையோடு வந்தவர் ஒருவர், தமிழே தெரியாத வெளிமாநிலத்தவர் ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் பிள்ளைகளைப் பெற்ற பிறகு வந்திருக்கும் அண்ணனோ அக்காவோ ஒருவர் என்று கலந்து இருப்பார்கள். அந்த சர்வீஸ் அண்ணனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நுழைவுத் தேர்வுக்குப் படித்த எம்.சி.க்யூ. அவருக்கு மறந்திருக்கலாம், ஆனால் உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து சத்தம் போடும்போது என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியும். பதிலுக்கு நீங்கள் அவருக்குப் முறிவுகளின் புது கிளாசிஃபிகேஷன்களைச் சொல்லிக்கொடுங்கள். இந்த ஒதுக்கீட்டை நான் மனதார ஆதரிக்கிறேன். படித்து முடித்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் அங்கேயே இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் செய்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள். படிப்பு முடிந்ததும் அரசுப் பணியில் இருக்க வேண்டிய காலமும் தொகையும் அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் எப்படி இருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும், சீனியர் சொன்ன கணக்கு பொருந்தாது.

மாவுக்கட்டு

பிளாஸ்டர் ரூமில் 20 வருடமாக வேலை பார்க்கும் ஒரு டெக்னீஷியன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பார். முதல் மாதம் அவர்தான் உங்கள் புரொபசர். அண்ணே என்று கூப்பிட்டு, பக்கத்தில் நின்று, அவர் கையை மட்டும் பாருங்கள்.

பொதுவாகக் கைக்கு 8 முதல் 10 மடிப்பு ஸ்லாப், காலுக்கு 12 முதல் 16. தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. சூடு கூடினால் பி.ஓ.பி. (கட்டு மாவு) சீக்கிரம் இறுகும், தோலையும் சுடும். எலும்பு துருத்தும் இடங்களில், முக்கியமாகக் குதிகால், கணுக்கால், முழங்காலின் வெளிப்பக்கம் ஃபிபுலா (கீழ்க்காலின் வெளி எலும்பு) தலை, பஞ்சு ஒரு சுற்று கூடுதலாகப் போகட்டும். ஃபிபுலா தலையைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்கும் நரம்பு போகிறது. அங்கே கட்டு அழுத்தினால் எலும்பு கூடிய பிறகும் அவர் காலை இழுத்து இழுத்து நடப்பார். ஈரக் கட்டை உள்ளங்கையால் தாங்குங்கள். விரல் நுனி பட்டால் அந்தக் குழி அப்படியே இறுகி உள்ளே புண்ணாகும்.

புது முறிவுக்கு முதல் நாளே முழுக் கட்டு வேண்டாம், ஸ்லாப் போதும், ஏனென்றால் வீக்கம் முதல் 2 நாளில் ஏறும். முழுக்கட்டு போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நெடுக்க வெட்டிவிட்டு அனுப்புங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது "வலி கூடினா வாங்க" என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள், எலும்பு உடைந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொள்வார்கள். விரலைத் தொட்டுக் காட்டி, "இந்த விரல் நீலமாவோ வெளுப்பாவோ ஆனா, மரத்துப்போனா, அசைக்க முடியலன்னா, மாத்திரை போட்டும் வலி அடங்கலன்னா, ராத்திரி எத்தனை மணின்னாலும் வந்துருங்க" என்று சொல்லுங்கள், சொன்னதை அவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். சீட்டிலும் எழுதிக்கொடுங்கள்.

வார்டில் இருப்பவருக்கு வலி கூடுகிறது என்று போன் வந்தால், போனிலேயே ஊசி எழுதச் சொல்லாதீர்கள். இது என்னுடைய ஒரே கண்டிப்பு. எழுந்து போங்கள். விரலை மெல்ல நீட்டிப் பாருங்கள். முறிவுக்கு மீறிய வலியும், விரலை நீட்டும்போது உயிர் போகிற வலியும் இருந்தால் அது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுவது) என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். நாடி கிடைக்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம், நாடி போவது கடைசிக் கட்டம், அதற்கு முன்பே தசை செத்துக்கொண்டிருக்கும். கட்டு, பஞ்சு, உள்ளே சுற்றிய துணி எல்லாவற்றையும் தோல் தெரிகிற வரை வெட்டுங்கள். கையை உயரத் தூக்கி வைக்காமல் நெஞ்சு மட்டத்தில் வையுங்கள், தூக்கினால் போகிற ரத்தமும் குறையும். கையோடு சீனியரைக் கூப்பிடுங்கள். கட்டைப் பிரித்த பிறகும் வலி அடங்கவில்லை என்றால் ஃபேஷியோடமி (தசை உறையை வெட்டித் திறந்து அழுத்தத்தைக் குறைப்பது) செய்ய ஓ.டி.க்குத்தான் போக வேண்டும், அது சில மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய வேலை. தேவையில்லாமல் எழுப்பினான் என்று எந்த நல்ல சீனியரும் திட்ட மாட்டார். அப்படியே திட்டினாலும் கூப்பிடுங்கள்.

நாட்டுக்கட்டு போட்டு வருகிறவர்கள்

மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டி, எண்ணெயும் பச்சிலையும் ஊற்றி, 4 நாள் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சில சமயம் விரல்கள் அதற்குள் கறுத்திருக்கும். உங்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தை அம்மாவிடம் காட்டாதீர்கள். அவர் ஏன் அங்கே போனார் என்று கேட்டால், பக்கத்தில் இருக்கிறது, கையோடு கட்டிவிடுவார்கள், அறுக்க மாட்டார்கள், ஒரு நாள் கூலியும் போகாது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார், எல்லாமே நியாயமான காரணங்கள். நீங்கள் அதட்டினால் அடுத்த முறையும் அவர் தாமதமாகத்தான் வருவார், ஊரில் இன்னும் 4 பேரிடம் ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள் என்றும் சொல்வார். கட்டை மெதுவாகப் பிரித்து, விரல்களில் உணர்ச்சியும் அசைவும் எந்த அளவு இருக்கின்றன என்று அம்மாவின் கண்ணெதிரே சோதித்துச் சீட்டில் எழுதிவிட்டு, அப்புறம் பேசுங்கள்.

நோயாளி பேசும் தமிழ்

நாம் 5 வருடம் இங்கிலீஷில் படித்துவிட்டு வருகிறோம், அதனால் தமிழ் தெரிந்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. "ஜவ்வு" என்றால் சிலருக்கு லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்), சிலருக்கு மெனிஸ்கஸ் (முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பு), முதுகுவலிக்காரருக்கு டிஸ்க், ஆகவே எந்த ஜவ்வு என்று இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தெற்கே "குறுக்கு" என்றால் கீழ் முதுகு. "கடுக்குது" என்பது மூட்டு தேய்ந்தவரின் வலி, "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றால் சீழோ அழுத்தமோ இருக்கலாம் என்று உடனே கையை வைத்துப் பார்க்க வேண்டிய வலி. "மரத்துப்போச்சு" என்ற சொல்லை ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "எலும்பு கூடிருச்சா?" என்று கேட்பவருக்கு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுங்கள். நடுவில் தெரியும் கோடு மங்குவதைப் பார்த்துவிட்டால் அவரே அடுத்த மாதம் தவறாமல் வருவார்.

கேஷுவாலிட்டியில்

விபத்தில் வருகிறவரின் கால் கோணலாகத் தொங்குவது எல்லார் கண்ணையும் இழுக்கும். முதலில் மூச்சு, ரத்த அழுத்தம், வயிறு, இடுப்பு வளையம். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளின் விபத்துப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து வைத்திருப்பது இதற்குத்தான்.

எலும்பு வெளியே தெரியும் காயம் என்றால் பெரிய அழுக்கை எடுத்துவிட்டு, ஒரே ஒரு போட்டோ, சலைனில் நனைத்த காஸ், மேலே ஸ்பிளிண்ட். ஆன்டிபயாடிக் முதல் 1 மணி நேரத்துக்குள் ரத்தக்குழாயில் ஏறிவிட வேண்டும், டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் மறக்கக் கூடாது. அதன் பிறகு வருகிற ஒவ்வொருவரும் கட்டைத் திறந்து பார்க்க ஆசைப்படுவார்கள், போட்டோவைக் காட்டி அனுப்புங்கள். கஸ்டிலோ கிரேடை (திறந்த முறிவு எவ்வளவு மோசம் என்று சொல்லும் பிரிவு) ஓ.டி.யில் காயத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். காலைக் காப்பாற்றலாமா எடுக்க வேண்டுமா என்ற கேள்வி வந்தால், கோவை கங்கா மருத்துவமனையில் உருவாக்கிய ஸ்கோரைப் படித்து வையுங்கள். தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் கொடுத்து, நோயாளியின் மற்ற உடல்நிலையையும் சேர்த்துக் கூட்டுவது. 14 வரை வந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், நடுவில் இருக்கும் 15, 16 அனுபவசாலிகள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய இடம். அந்த முடிவை முதல் வருடத்தில் நீங்கள் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் எண்ணைச் சரியாகக் கூட்டிச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

எக்ஸ்ரேக்கு எழுதும்போது 2 கோணம், மேல் மூட்டும் கீழ் மூட்டும் சேர்த்து. தொடை எலும்பு நடுவில் முறிந்திருந்தால் இடுப்பு மூட்டைப் பார்க்காமல் விடாதீர்கள், மேலே அதே எலும்பின் கழுத்துப் பகுதியில் மெல்லிய முறிவு ஒளிந்திருக்கலாம், வலி முழுக்கக் கீழே இருப்பதால் அவரும் சொல்ல மாட்டார்.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், எந்த நேரம் என்று படிக்கும்படியான கையெழுத்தில் எழுதுங்கள். 3 வருடம் கழித்துக் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான். விபத்தில் சிக்கியவரின் இழப்பீடும் அதை நம்பித்தான் இருக்கிறது. அப்புறம், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட யாருக்கும் எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். இதைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று பதறும் குடும்பத்துக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

லிஸ்ட், காப்பீடு, பட்டினி

இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தள்ளிப்போவதற்குப் பாதி நேரம் ரேஷன் கார்டு நகல்தான் காரணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வாங்க வேண்டிய கேஸ் என்றால், அட்மிஷன் ஆன அன்றே உறவினரை உட்கார வைத்து, ரேஷன் கார்டு, ஆதார், எக்ஸ்ரே, போட்டோ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்துக் காப்பீட்டு கவுண்டருக்கு அனுப்புங்கள். மறுநாள் ரவுண்ட்ஸில் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். சனிக்கிழமை விட்டால் திங்கட்கிழமைதான்.

இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களை 2 நாளுக்குள் ஓ.டி.க்குக் கொண்டுபோவதைக் குறியாக வையுங்கள். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் படுக்கைப் புண், நெஞ்சில் சளி, குழப்பம் என்று ஏதாவது ஒன்று கூடும். அனஸ்தீசியா டாக்டர் எக்கோ (இதய ஸ்கேன்) கேட்டிருக்கிறார் என்றால் அந்த ரிக்வெஸ்டைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே நடங்கள்.

அப்புறம் பட்டினி. ராத்திரி 12 மணியிலிருந்து சாப்பிடக் கூடாது என்று எழுதியிருப்போம். பகல் 2 மணிக்கு எமர்ஜென்சி கேஸ் புகுந்து அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் நிற்கும். ஓ.டி.யில் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். 75 வயதுப் பாட்டி சாயங்காலம் 5 மணி வரை தண்ணீர்கூடக் குடிக்காமல், யாராவது கூப்பிடுவார்கள் என்று பச்சை கவுனோடு படுத்திருப்பார். சர்க்கரை நோயாளி என்றால் இது ஆபத்தும்கூட. கேஸ் ரத்தாகிறது என்று தெரிந்த அடுத்த நிமிடம் வார்டுக்குப் போன் போட்டு, இன்னார் சாப்பிடலாம் என்று சொல்லுங்கள், முடிந்தால் நேரில் போய், ஏன் நின்றது, அடுத்து எந்த நாள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முதல் வருட பி.ஜி. (முதுநிலை மாணவர்) செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஓ.டி.

முதல் 6 மாதம் கத்தி கைக்கு வராது. பரவாயில்லை. நோயாளியை டேபிளில் படுக்க வைப்பது, எந்தப் பக்கம் என்று மார்க்கர் குறியைச் சரிபார்ப்பது, டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) ஏற்றிய நேரத்தை போர்டில் எழுதுவது, 2 மணி நேரம் நெருங்கும்போது வாய்விட்டுச் சொல்வது, இதெல்லாம் உங்கள் பொறுப்பு. முதல் நாள் ராத்திரி அந்த அப்ரோச்சை (எலும்பை அடைய வெட்டிப் போகும் வழி) படித்து, வழியில் எந்த நரம்பு குறுக்கே வரும் என்று மட்டுமாவது தெரிந்துகொண்டு போங்கள்.

டிராக்‌ஷன் பின்னில் (எலும்பில் குத்தி எடை கட்டி இழுக்கும் கம்பி) ஒரு விஷயம். முழங்காலுக்குக் கீழே டிபியாவின் (முன்கால் எலும்பு) மேல்பகுதியில் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே போட வேண்டும், தொடையின் கீழ்ப்பகுதியில் உள்பக்கத்திலிருந்து வெளியே. காயப்படக் கூடாத நரம்போ ரத்தக்குழாயோ எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கினால் பின் எங்கே நுழைகிறது என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கும். ட்ரில் பழகக் கட்டைத் துண்டும் கறிக்கடை எலும்பும் போதும். 4.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3.2 பிட், 3.5 ஸ்க்ரூவுக்கு 2.5 பிட். எலும்பின் மறுபக்கக் கெட்டிச் சுவரை, அதாவது இரண்டாவது கார்டெக்ஸைத் துளைத்ததும் கை முன்னே பாயாமல் நிற்க வேண்டும், அந்தப் பக்கம் ரத்தக்குழாய் இருக்கும்.

சி-ஆர்ம் (ஆபரேஷன் நடுவே படம் காட்டும் எக்ஸ்ரே கருவி) ஓடும்போது லெட் ஏப்ரனோடு தைராய்டு ஷீல்டும் போடுங்கள், டி.எல்.டி. பேட்ஜ் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளப்பது) கேட்டு வாங்குங்கள், ட்யூப் பக்கம் நிற்காதீர்கள். 1 மீட்டரில் நின்றவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால் கதிர்வீச்சு கால்வாசியாகிவிடும். ஆர்த்தோ எடுத்த பெண்களிடம் "இந்த ஏப்ரனைத் தூக்கிக்கிட்டு நிக்க முடியுமா" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்க முடியும், ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டால் டேபிளும் எட்டும். எனக்கு முதல் இன்டர்லாக்கிங் நெய்ல் (எலும்புக்குள் செருகி ஸ்க்ரூவால் பூட்டும் ராட்) சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண் சீனியர்தான்.

தீசிஸ், மாவட்டப் பணி, கோணல் பாத கிளினிக்

தீசிஸுக்கு உங்கள் ஓ.பி.யில் வாரம்தோறும் வருகிற முறிவை எடுங்கள். அபூர்வமான தலைப்பு எடுத்தவர்கள் கடைசி வருடம் கேஸ் தேடி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நோயாளியிடமும் 2 போன் நம்பர் வாங்குங்கள், ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். ரிவ்யூ தேதியை உங்கள் யூனிட் ஓ.பி. நாளாகப் பார்த்து எழுதுங்கள், தவறான கிழமையில் பஸ் ஏறி வந்து திரும்பியவர் அடுத்து வர மாட்டார்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைப்படி 3, 4, 5-ம் செமஸ்டர்களில் ஏதோ ஒன்றில் 3 மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். அதை லீவு மாதிரி கழிக்காதீர்கள். அங்கே எதை வைத்துக்கொள்ளலாம், எதை மேலே அனுப்ப வேண்டும், அனுப்பும் முன் எப்படி ஸ்பிளிண்ட் போட வேண்டும் என்று நீங்களே முடிவெடுக்க வேண்டிவரும்.

உங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் கோணல் பாதத்துக்குத் தனி கிளினிக் நாள் இருந்தால் கேட்டு வாங்கிப் போங்கள். பொன்செட்டி முறையில் வாரம் ஒரு கட்டு, 5 அல்லது 6 கட்டில் பாதம் திரும்பிவிடும், பலருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் பிரேஸ், முதல் 3 மாதம் ஏறக்குறைய நாள் முழுக்க, பிறகு 4 வயது வரை தூங்கும்போது. மாவுக்கட்டில் கை படிய இதைவிட நல்ல இடம் இல்லை. பிரேஸை நிறுத்தினால் பாதம் மறுபடி திரும்பும் என்று அம்மா அப்பாவிடம் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும்.

உடம்பு

அதே 2023 விதிமுறையில் வார விடுமுறையும் வருடத்துக்கு 20 நாள் விடுப்பும் இருக்கின்றன. கேளுங்கள். கிடைக்காத வாரங்களும் இருக்கும், அப்போது 2 பேர் சேர்ந்து மாற்றி மாற்றித் தூங்குங்கள். விடிய விடிய டியூட்டி பார்த்துவிட்டு பைக் எடுக்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள். நாம் தினமும் ஸ்லாப் போடுகிறவர்களில் எத்தனை பேர் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டியவர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, நாளை உங்கள் முதல் அட்மிஷன் டே என்றால், ராத்திரி 8 மணிக்கு முன் சாப்பிட்டுவிடுங்கள். கோட் பையில் இன்ச் டேப், மார்க்கர், பேனா டார்ச், நல்ல கத்தரி. ஒரு சின்ன நோட்டில் அன்று ஸ்லாப் போட்ட ஒவ்வொருவரின் பெயர், பெட் நம்பர், போட்ட நேரம். போனில் 2 மணிக்கு ஒரு அலாரம், 5 மணிக்கு ஒன்று. அலாரம் அடித்ததும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெட் பெட்டாகப் போய் விரல்களைத் தொட்டுப் பாருங்கள், போகும் வழியில் வார்டு சிஸ்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.